மேலே நிற்கும் ஆள்

தியாகிக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு நாயால்.

நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பெரிய தொட்டியில் ஒரு நாள் தெருநாய் ஒன்று தவறி விழுந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் வேலையில் இருந்த நம்மாள் அதைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்துவிட்டார். நாய் பாட்டுக்கு நீந்திப்போய் எதிர்ப்பக்கப் படியில் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு, தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டது. நீச்சல் தெரியாத நம்மாளை வெளியே இழுக்கத்தான் இரண்டு பேரும் ஒரு நீளக் கம்பும் தேவைப்பட்டன. பிறகு தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள். நாய்க்காக இல்லை, செருப்புக்காக.

மறுநாளிலிருந்து அவர் தியாகி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

மனிதர் தங்கம். மழையில் குடையை யாரிடமாவது கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் அலமாரி நகர்த்துகிறார் என்று கேள்விப்பட்டால், கூப்பிடுவதற்கு முன்பே போய் நின்று, தன் கால் விரலை நசுக்கிக்கொண்டு திரும்புவார். கடவுள் அவருக்கு இரக்கத்தை அள்ளிக் கொடுத்தார். யோசனையைக் கொடுக்கும் நேரம் வந்தபோது இவர் யாருக்கோ உதவி செய்ய ஓடிப்போயிருந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் நிலையத்தில் ஒரு பரீட்சை வந்தது. சும்மா நிற்கும் பரீட்சை.

நிர்வாகத்துக்கு அந்த ஆண்டு திடீரென்று பாதுகாப்பின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்திருந்தது. ‘பாதுகாப்பே நம் மூச்சு’ என்று பெரிய பலகை எழுதி வாங்கினார்கள். அதை மாட்டக் காலிச் சுவர் கிடைக்காமல், அவசரகால வழி என்று எழுதியிருந்த கதவின் குறுக்கே ஆணி அடித்து மாட்டினார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதோடு ஒரு பயிற்சியாளரையும் வரவழைத்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் சுவரில் படம் போட்டுத்தான் சொல்வார் என்பதால் முதல் நாளே ஸ்லைடு சார் ஆகிவிட்டார். தண்ணீர் நிலையத்துக்கே வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரும் ஜாக்கிரதைக்காரர். மற்றபடி நல்லவர். பாடத்தின் நடுவே யாராவது தூங்கினால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பாடம் இதுதான். வால்வுக் குழி, மூடிய தொட்டி, பழைய குழாய் அறை இவற்றுக்குள் காற்று கெட்டுக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறங்குகிறவர் சுருண்டு விழுவார். அதனால் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலேயே நிற்க வேண்டும். மேலே நிற்கும் ஆள் கீழே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் கூப்பிட வேண்டும். குழியின் மேல் முக்காலி நிறுத்தி அதில் வின்ச் என்ற கயிறு சுற்றும் உருளையை மாட்டியிருப்பார்கள். அதன் கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்க வேண்டும். என்ன ஆனாலும் அவர் மட்டும் இறங்கக் கூடாது.

“இறங்கினா என்ன சார் ஆகும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒண்ணும் ஆகாது. கீழ கிடக்கிறவருக்குத் துணை கிடைக்கும்” என்றார் ஸ்லைடு சார்.

செய்முறைக்காக ஒட்டுப்பலகையில் ஒரு குழி செய்திருந்தார்கள். அதற்குள் மணல் அடைத்த பொம்மை ஒன்று. மேலாளரின் பழைய சீருடையும் தொப்பியும் போட்டிருந்ததால், மரியாதை கருதி எல்லோரும் அதைப் பொம்மை சார் என்றார்கள். தியாகியின் முறை வந்தது. விசில் ஊதியது. “கீழே இருப்பவர் மயங்கிவிட்டார்!” என்று ஸ்லைடு சார் அறிவித்து முடிப்பதற்குள் தியாகி ஏணியில் பாதி தூரம் போய்விட்டார். அடுத்த கணம் பொம்மை சாரைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்லைடு சார் குனிந்து எட்டிப் பார்த்தார். “செத்துட்டீங்க சார்.”

“நானா? நான்தான் காப்பாத்திட்டேனே!”

“நீங்க செத்து, அவர் மேல விழுந்து, அவரும் செத்துட்டார். மேல வாங்க, டீ ஆறுது.”

இரண்டாவது தடவை கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. விசில் ஊதியதும் தியாகி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வின்ச் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றக்கூடச் செய்தார். அதற்குள் கயிறு ஆடி, பொம்மை சாரின் தலை பலகையில் ‘டொக்’கென்று இடித்தது. அவ்வளவுதான், மனசு கேட்கவில்லை. இறங்கிவிட்டார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த, அதே நிலையத்தில் வேலை செய்யும் தியாகியின் மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாமா, அக்காகிட்ட இப்ப நான் எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது? போன தடவை நீங்க செத்ததுக்கே அவ இன்னும் தேறலை!”

“வாயை மூடுடா. தலையில அடிபட்டா ஒருத்தன் சும்மா இருப்பானா?”

“மணல் மூட்டை மாமா அது!”

“மணலா இருந்தா? மேனேஜர் சட்டை போட்டிருக்குல்ல?”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்களா?” என்று மச்சினன் கேட்க, பின்வரிசையில் மேலாளருக்கு வேண்டிய ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார்.

சிரித்தாலும் விஷயம் சிரிப்பதற்கில்லை. மூன்றாவது முறையும் தவறினால் தியாகியைக் குழி வேலையிலிருந்து எடுத்துப் புகார் கவுண்டரில் உட்கார வைப்பதாக உத்தரவு. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி வேலைதான். ஆனால் தியாகி அதை நினைத்தாலே கலங்கிப்போவார். காரணம் மச்சினன். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவர் மனைவிதான் தூக்கி வளர்த்தாள். அவன் குழியில் இறங்கும் வேலைக்குச் சேருகிறேன் என்றபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடுதான் விட்டாள். “அவன் இறங்குற குழிக்கு மேல நீங்கதான் நிக்கணும். வேற எவன் நின்னாலும் அவன் வேலைக்குப் போகக் கூடாது.” தியாகியும் வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது பரீட்சையில் தவறினால் மச்சினன் தலைக்கு மேல் யாரோ ஒருவன் நிற்பான். பீடி பிடிக்கப் போகிறவனாக இருக்கலாம், போனில் பேசுகிறவனாக இருக்கலாம்.

“பொம்மைக்காக உசுரை விடுறீங்க” என்றாள் மனைவி அன்று இரவுச் சாப்பாட்டில். “இந்த வீட்டுல சிலிண்டரை ஒரு தடவை எடுத்து மாட்டியிருக்கீங்களா?”

“நீ கூப்பிடலையே.”

“பொம்மை கூப்பிட்டுச்சாக்கும்!”

கடைசியில் அவளே பயிற்சியாளர் ஆனாள். அவள் திடுக்கென்று எதையாவது தள்ளிவிடுவாள், கத்துவாள். தியாகி அசையாமல் நிற்க வேண்டும். கரண்டி விழுந்தது, நின்றார். தட்டு விழுந்தது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மாடிப்படியில் கால் வழுக்கியதுபோல் நடித்தபோது, உதட்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தியாகி பக்கத்திலேயே தூண் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, அடுப்பை அணைக்கக் கூடாதா?”

“நீதானே நிக்கச் சொன்னே!”

“பாலுக்கெல்லாம் நிக்கச் சொல்லலைங்க!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எது பொம்மை, எது பால் என்று பிரித்தறிவது அவருக்கு இன்னும் கைவரவில்லை.

மூன்றாவது பரீட்சையை மேலாளர் விழாவாக்கிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். ஒட்டுப்பலகைக் குழி படத்தில் எடுபடாது. ஆகவே நிஜக் குழிதான் வேண்டும் என்றார். வடிகட்டிக் கூடத்துக்குப் பின்னால் பல காலமாகத் திறக்காத வால்வுக் குழி ஒன்று இருந்தது. மூடிக்கு மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் பூசினார்கள். சுற்றிலும் பூந்தொட்டி வைத்தார்கள். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. குழியின் வெளிப்புறத்தில் செய்யக்கூடியது எதையும் அவர்கள் பாக்கி வைக்கவில்லை.

வின்ச் அருகே ஒரு பெண் நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று மேலாளருக்குத் தோன்றியது. ஸ்டோரில் போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுக்கும் அக்காவைக் கூட்டிவந்து கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார்கள்.

“இதைச் சுத்தணுமா சார்?” என்று கேட்டாள் அவள்.

“சுத்த வேண்டாம்மா. பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா போதும்.”

“சிரிக்கிறதுக்கு எதுக்கு சார் கையுறை?”

“கலர் நல்லா இருக்கும்மா” என்றார் போட்டோக்காரர்.

மேலாளர் வரவேற்புரையைத் தொடங்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு சார் முறைப்படி, காற்று கெட்டிருந்தால் கத்திச் சொல்லும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டார். மேலாளர் “பாதுகாப்பு என்பது நம் ஒவ்வொருவரின்...” என்று குரலை உயர்த்திய இடத்தில் மீட்டர் ‘பீப் பீப் பீப்’ என்று அலறியது. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் பேச்சை விடாமலே, கண்ணாலும் புருவத்தாலும் அதை நிறுத்தச் சொன்னார். அந்த மீட்டர் வகுப்பு நடந்த நாளெல்லாம் சார்ஜ் இல்லை என்று இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. இன்றும் அதே தொல்லைதான் என்று ஸ்லைடு சார் நினைத்தார். அதை மேலே இழுத்து, அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இடையூறில்லாமல் தொடர்ந்தது.

அதற்குள் பொம்மை சாரை வேறொரு கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கியாகிவிட்டது. இறக்கும்போது தொப்பி முகத்தை மூடிவிட்டது. “முகம் தெரியலையே” என்று போட்டோக்காரர் சலித்துக்கொண்டார். கேட்க வேண்டுமா? ஆரஞ்சு நிற பெல்ட்டைப் படத்துக்காக ஏற்கெனவே மாட்டியிருந்த மச்சினன் முன்னால் வந்தான். பெல்ட்டின் முதுகு வளையத்தில் வின்ச் கயிற்றைக் கொக்கி போட்டுக்கொண்டான். அதுவும் படத்துக்காகத்தான்.

“டேய், மீட்டர் பார்த்தாச்சா?” என்றார் தியாகி.

“பொம்மைக்கு எதுக்குய்யா மீட்டர்?” என்று மேலாளர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு சீறினார். “அது மூச்சா விடுது?”

“இறங்குறது பொம்மை இல்லையே சார்...”

“ஒரு நிமிஷம் மாமா. தொப்பியைத் தூக்கி வச்சுட்டு வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே மச்சினன் ஏணியில் இறங்கிவிட்டான். அதட்டி நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்த தியாகிக்கு நாக்கு எழவில்லை. ஏணி வழியாகத் தலை மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தெரியுதா அங்கே?” என்றார் குனிந்து.

“தெரியுது மாமா. பொம்மை சார் நல்லாத் தூங்குறார்.”

பிறகு தொப்பியை எடுக்கக் குனிந்தவன், பொம்மையின் மேல் கை போட்டபடி அப்படியே சாய்ந்தான்.

“சூப்பர், அப்படியே இருங்க” என்று போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார்.

“டேய்!” என்றார் தியாகி. “டேய், மாப்ளே!”

பதில் இல்லை. ஸ்லைடு சாரின் கை சட்டைப்பைக்குப் போனது. மீட்டரைத் தொட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஈரத்தில் கிடந்த இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்து, உள்ளே இருந்த பிராணவாயுவை எல்லாம் தின்று தீர்த்திருந்தது. அந்தச் சின்னக் கருவி அதைத்தான் கத்திக் கத்திச் சொன்னது.

“தியாகி! என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கறே? உன் மச்சினன்யா!” என்று மேலாளர் அலறினார். பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “இறங்கு! இறங்கு!” என்று எத்தனையோ குரல்கள். நாய்க்கும் பொம்மைக்கும் இறங்கியவரை யாராவது தள்ளிவிட வேண்டுமா? தியாகியின் வலது கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. ஸ்லைடு சார் “வேண்டாம், வேண்டாம்” என்று கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

காதில் விழுந்தது ஸ்டோர் அக்காவின் குரல்தான். அவள் கத்தவில்லை. சிரிக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்த அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். புது வின்ச். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அது வழுக்கியது.

“தம்பி, என்னால ஒரு ஆளைத்தான் தூக்க முடியும்” என்றாள். “நீயும் போறதா இருந்தா, எவனைத் தூக்கட்டும்னு சொல்லிட்டுப் போ.”

தியாகி திரும்பிப் பார்த்தார். குழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் மேலே ஒருத்தி இருப்பது தெரிந்தது. ஒல்லியான உடம்பு. நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. ஒருவன் கனமே தாங்காமல் கால் இரண்டும் வழுக்கிக்கொண்டிருந்தன. இந்த அம்மாளிடம் போய், உன் தலையில் இன்னொரு பிணத்தையும் வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஸ்லைடு சாரின் படங்கள் அத்தனையும் செய்ய முடியாததை அவளுடைய வழுக்கும் கால்கள் செய்தன. எங்கே உதவி தேவையோ அங்கே ஓடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. அன்று அந்த இடம் மேலே இருந்தது.

காலை எடுத்தார். ஓடிவந்து அவள் கைமேல் கை வைத்துச் சுற்றினார்.

குழி விளிம்பில் மேலாளர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அவரைக் கிண்டல் செய்தவர்கள்கூட அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கண்ணில் நீர் வழிய, கோட்டையும் வீசிவிட்டு, உண்மையாகவே இறங்கப் பார்த்தார். ஆபத்து என்றால் மனிதர்கள் எல்லோருக்குமே கொஞ்ச நேரம் நல்ல புத்தி வந்துவிடுகிறது. சரியான புத்திதான் வருவதில்லை.

“சார், அங்கேயே நில்லுங்க!” என்று தியாகி போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியே கொய்யென்றது. “இன்னொருத்தர் இறங்கினா நான் இங்கேயே கைப்பிடியை விட்டுட்டு உக்காந்துடுவேன்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க சார், முதல்ல!”

மேலாளர் ஒற்றை ஷூவோடு போனைத் தேடினார்.

கயிறு ஏறியது. பாதியில் மச்சினனின் பூட்ஸ் ஏணியில் மாட்டியது. தியாகியின் உடம்பு முழுவதும் குழிப் பக்கம் சாய்ந்தது. கை மட்டும் அசையவில்லை. “கொஞ்சம் இறக்கு, மறுபடி ஏத்து” என்றாள் அக்கா. இறக்கினார்கள், ஏற்றினார்கள். பூட்ஸ் விடுபட்டது. தலை வந்தது, தோள் வந்தது. ஸ்லைடு சார் அவனை வாரி எடுத்துத் தரையில் கிடத்தி, தலையைச் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். படம் போட்டுச் சொல்கிறவர் என்று இத்தனை நாள் கேலி செய்தவர்கள், அவர் படம் இல்லாமலே ஒரு உயிரைத் திருப்பிக் கூப்பிடுவதைப் பார்த்தார்கள். மச்சினன் இருமினான், வாந்தி எடுத்தான். பிறகு கண்ணைத் திறந்து, எல்லோரும் தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் விழித்தான்.

பந்தலில் இருந்த ஒரு பெரியவர் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? நடந்தது ‘உண்மைச் சம்பவம் போலவே அமைந்த, உயிரோட்டமான ஒத்திகை’ என்று அறிவித்தது. அந்த வாரமே புதிய பாதுகாப்புச் சுவரொட்டியும் வந்தது. தியாகி ஏணியில் ஒரு கால் வைத்த கணத்தைப் போட்டோக்காரர் அருமையாகப் பிடித்திருந்தார். அதன் கீழே ‘தயங்காத கால்கள்!’ என்று கொட்டை எழுத்து. எதைச் செய்தால் இரண்டு பிணம் விழுமோ அதை நிலையம் முழுக்க ஒட்டிவைத்தார்கள். படத்துக்காகவே கொண்டுவந்து நிறுத்திய ஸ்டோர் அக்காவை ஓரத்தில் வெட்டிவிட்டார்கள். அவள் வாயைக் கோணிக்கொண்டு நின்றாளாம், சிரிக்கவில்லையாம்.

ஸ்லைடு சார் மட்டும் தியாகியைத் தேடி வால்வு அறைக்கு வந்தார். பாட்டிலைத் திறந்து அவருக்கும் தண்ணீர் ஊற்றினார்.

“அந்தச் சத்தத்தை நிறுத்தினது நான்தான். மேலிடத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

“நானும் காலை வச்சுட்டேன் சார். மறுபடியும் தோத்துட்டேன்.”

“எடுத்தீங்களே. வைக்காத காலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எடுத்த காலை அன்னிக்குத்தான் பார்த்தேன். நீங்க பாஸ்.”

ஆக, மச்சினன் இறங்கும் குழிகளுக்கு மேல் இனி தியாகிதான் நிற்பார். வாக்குக் காப்பாற்றப்பட்டது. ஆனால் வாக்கு வாங்கியவள்தான் பேசவில்லை.

சுவரொட்டியெல்லாம் நிலையத்துக்குள்தான். அன்று பந்தலில் இருந்த தொழிலாளிகள் நடந்ததை நேரிலேயே பார்த்தவர்கள். அவர்கள் வீடுகளிலிருந்து வேறு கதை தெருவுக்கு வந்திருந்தது. “சொந்த மச்சினன் கீழ கிடக்குறான், இவர் ஏணி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாராம். உசுருக்குப் பயம் யாரைத்தான் விட்டுச்சு!” என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதைத் தியாகியின் மனைவி தன் காதாலேயே கேட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. தட்டில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, பேச்சு மட்டும் விழவில்லை. நாயைக் காப்பாற்றக் குதித்ததற்காக அவரை அத்தனை வருஷம் திட்டியவள், தம்பிக்காகக் குதிக்காததை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் தவித்தாள்.

தியாகியும் எதையும் விளக்கவில்லை. நின்றேன் என்பதை எப்படிப் பெருமையாகச் சொல்வது?

நாலைந்து நாள் கழித்து அவள் பையில் அரிசியும் காய்கறியும் எடுத்து வைத்தாள். “ஸ்டோர் அக்காவுக்குக் கை வீங்கிக் கட்டுப் போட்டிருக்காம். வீட்டுல ஒத்தை ஆள். போய் நாலு பாத்திரமாவது தேய்ச்சுக் கொடுத்துட்டு வரேன்” என்று தம்பியிடம் சொன்னாள். தம்பியும் எழுந்தான். யாரும் கூப்பிடாமலேயே தியாகி பையைத் தூக்கிக்கொண்டார்.

ஸ்டோர் அக்காவின் சமையலறை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே போக வேண்டிய அளவு. மணிக்கட்டில் கட்டோடு அவள் வாசலை மறித்தாள். “ஏம்மா, நான் என்ன படுத்த படுக்கையா கிடக்குறேனா? போங்க எல்லாரும்.”

“நீங்க உக்காருங்க அக்கா” என்று மனைவி அவளைத் தாண்டிப் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள். மச்சினன் காய் நறுக்க உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். வாய் மட்டும் மெலியவில்லை. “அக்கா, உங்க கயித்துல தொங்கினதுல எனக்கு இடுப்பு சிறுத்துடுச்சு. பேன்ட் நிக்கலை.”

“வாடா, இன்னொரு தடவை தொங்கவிடறேன்.”

மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமலே கேட்டாள். “அக்கா, நீங்க சுத்திக்கிட்டு இருந்தீங்க, சரி. இவர் அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்?”

கதவோரம் பையோடு நின்ற தியாகி தரையைப் பார்த்தார்.

“உன் புருஷனா?” என்று ஸ்டோர் அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். “இது என்னன்னு நினைக்கிறே? வின்ச் சுத்தினதுல வீங்கினதுன்னா? டாக்டரும் அப்படித்தான் எழுதினார். நானும் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். வின்ச் இல்லம்மா, இந்த மனுஷன் பிடிச்ச பிடி! கைப்பிடியைப் பிடிய்யான்னா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். சுத்தும்போதும் விடலை. உன் தம்பியை மேல இழுத்துப் போட்ட பிறகும் விடலை. ரெண்டு பேர் வந்து ஒவ்வொரு விரலா எடுத்தாங்க.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி குழாயை மூடினாள். திரும்பினாள். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, அவங்க கையை எதுக்கு அப்படிப் பிடிச்சீங்க?”

தியாகி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“விட்டா இறங்கிடுவேன்னு இருந்துச்சு.”

அவள் ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொட்டி முன்னால் கொஞ்சம் ஒதுங்கி நின்று, தேய்த்து வைத்த சட்டியை அவர் பக்கம் நீட்டினாள். தியாகி பையை இறக்கி வைத்துவிட்டு, இடித்துக்கொண்டு உள்ளே வந்து, அதை வாங்கிக் கழுவ ஆரம்பித்தார்.

“பாத்துங்க” என்றாள் அவள். “சட்டியை அழுத்திப் பிடிக்காதீங்க. அது அவங்களோடது.”